திருப்புலி நாட்டுக்காரர் எண்ணிய மாடிகள்

ஒரு பழைய ஜோக் உண்டு. கிராமத்திலிருந்து முதன்முறையாக மெட்ராஸுக்கு வந்த ஒருவர், மவுண்ட் ரோட்டில் நின்று எல்.ஐ.சி. கட்டடத்தின் மாடிகளை எண்ணிக்கொண்டிருப்பார். ஓர் ஆசாமி வந்து, "எத்தனை மாடி எண்ணினே?" என்று அதட்டுவான். "ஏழுங்க." "மாடிக்கு ஒரு ரூபாய். எடு ஏழு ரூபாயை!" நடுங்கிக்கொண்டே கொடுத்துவிட்டு பஸ் ஏறுவார் நம்மாள். பக்கத்து சீட்காரரிடம் மெதுவாகச் சொல்வார்: "நான் எல்லா மாடியையும் எண்ணிட்டேன். அவன்தான் ஏமாந்துட்டான்!"

தமிழ்நாட்டில் இந்த ஜோக் போகாத ஊர் இல்லை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி கொல்லிமலைக்கும் அது ஏறியிருக்கிறது. மலையில் இருக்கும் 14 நாடுகளில் ஒன்று திருப்புலி நாடு. 'நாடு' என்றால் பெரிய ராஜ்ஜியம் இல்லை. சில சிற்றூர்கள் சேர்ந்த ஓர் ஊராட்சி. மிளகும் காபியும் பலாவும் வாழையும் விளைகிற மண். அங்கே பிறந்து, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், இந்த ஜோக்கைச் சின்ன வயதிலிருந்து சொல்லி வந்தார். ஆனால் அந்தக் கட்டடத்தை அவர் அண்மையில்தான் முதன்முறையாக நேரில் பார்த்தார்.

அவர் சென்னைக்கு வந்தது சுற்றிப் பார்க்க அல்ல. பேத்தி சென்னையில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். தாத்தாவுக்குக் கண் பரிசோதனை. வேலை முடிந்ததும், "வேற எங்க போகணும் தாத்தா? பீச்சா, ஜூவா?" என்று கேட்டாள். பெரியவர் யோசிக்கவே இல்லை. "எல்.ஐ.சி.க்குப் போகணும் கண்ணு."

"அங்க என்ன தாத்தா இருக்கு? அது ஆபீஸு. உள்ள எல்லாம் விட மாட்டாங்க."

"உள்ள போக வேண்டாம். வெளிய நின்னு பாத்தாப் போதும்."

பேத்திக்கு அது புரியவில்லை. புரிய, அந்தக் கட்டடத்தின் கதையும் தெரிய வேண்டும், அவர்கள் வீட்டுக் கதையும் தெரிய வேண்டும்.

ஒரு செட்டியாரின் கனவு

அந்தக் கட்டடம் எல்.ஐ.சி.க்காகத் திட்டமிடப்பட்டது இல்லை. 1953-ல் வேலை தொடங்கியபோது எல்.ஐ.சி. என்ற நிறுவனமே கிடையாது.

கனவு கண்டவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். செட்டிநாட்டுக்காரர். 1908-ல் பிறந்தவர். இளம் வயதிலேயே குடும்பத் தொழிலின் பொறுப்புக்கு வந்தவர். 1937 பிப்ரவரி 10-ம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நாளில் கதவைத் திறந்த வங்கி அது. கேரளத்தின் பெரும்பாவூரில் திருவாங்கூர் ரேயான்ஸ் ஆலையை நிறுவியவரும் அவரே. யுனைடெட் இந்தியா என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் அவர் கையில் இருந்தது.

இங்கே ஒரு சின்னத் தெளிவு. சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயராக இருக்கும் எம்.ஏ. சிதம்பரம் வேறு, இவர் வேறு. இரண்டு பேரையும் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு.

தன் நிறுவனங்களின் தலைமையகமாக மவுண்ட் ரோட்டில் ஒரு கட்டடம் வேண்டும் என்று நினைத்தார் செட்டியார். சாதாரணக் கட்டடம் இல்லை, இந்த ஊர் அதுவரை பார்க்காத உயரத்தில். லண்டனைச் சேர்ந்த பிரவுன், மவுலின் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் வரைபடம் போட்டார்கள். முதலில் 18 மாடிக்குத் திட்டம். நியூயார்க்கில் அப்போதுதான் எழுந்திருந்த ஐக்கிய நாடுகள் சபைத் தலைமைச் செயலகக் கட்டடத்தின் சாயல் இதில் இருக்கும். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோல் மெலிந்த, அகன்ற, நேரான வடிவம். முருகப்பா குழுமத்தின் கோரமண்டல் என்ஜினீயரிங் கட்டுமானப் பணியை ஏற்றது.

அன்றைய மவுண்ட் ரோட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹிக்கின்பாதம்ஸ், பி.ஆர் அண்ட் சன்ஸ், ஸ்பென்சர்ஸ் என்று எல்லாமே இரண்டு மூன்று அடுக்கில் கூம்பும் குவிமாடமும் வளைவுமாக நின்ற கட்டடங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர்கள்தான் மேல்தளத்தைத் தாங்கும். அந்த முறையில் ஓர் எல்லைக்கு மேல் உயர முடியாது. மேலே ஒரு மாடி ஏற்றினால், கீழே சுவரின் தடிமனைக் கூட்ட வேண்டும். பத்து மாடி கட்டினால், தரைத்தளத்தில் சுவர்தான் இருக்கும், நடக்க இடம் இருக்காது.

புதிய முறை, ஊரில் கல்யாணப் பந்தல் போடுவதைப் போன்றது. பந்தலைத் தாங்குவது கால்கள். சுற்றித் தட்டி கட்டினாலும் கட்டாவிட்டாலும் பந்தல் நிற்கும். அதேபோல, கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் எடையைத் தாங்கி நேராகத் தரைக்குக் கொண்டுபோய்விடும். சுவர் வெறும் மறைப்பு. அதில் எவ்வளவு சன்னல் வேண்டுமானாலும் வைக்கலாம். சுண்ணாம்புக் காலத்திலிருந்து கான்கிரீட் காலத்துக்குச் சென்னை தாண்டிய படிக்கட்டு என்று இந்தக் கட்டடத்தைச் சொல்வது அதனால்தான்.

கனவு கண்டவர் பார்க்கவில்லை

1954 மார்ச் 13. சிங்கப்பூரின் கல்லாங் விமான நிலையத்தில் தரையிறங்க முயன்ற பி.ஓ.ஏ.சி. நிறுவன விமானம் விபத்துக்குள்ளாகி எரிந்தது. பயணிகள் 31 பேரும் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் சிதம்பரம் செட்டியார். வயது 45. வேலை தொடங்கிய மறு வருடமே, வேலையைத் தொடங்கியவர் போய்விட்டார்.

அடுத்த திருப்பம் இரண்டு ஆண்டுகளில் வந்தது. அப்போது இந்தியாவில் ஆயுள் காப்பீடு நூற்றுக்கணக்கான தனியார் நிறுவனங்களிடம் சிதறிக் கிடந்தது. சில நேர்மையாக நடந்தன. சில, மக்கள் கட்டிய பணத்தை முதலாளிகளின் மற்ற தொழில்களுக்குத் திருப்பிவிட்டன. நிறுவனம் நொடித்தால், பல வருடம் பிரீமியம் கட்டியவரின் குடும்பத்துக்கு மிஞ்சுவது வெற்றுக் காகிதம். 1956 ஜனவரி 19-ம் தேதி மத்திய அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் ஆயுள் காப்பீட்டுத் துறையைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. அப்போது நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக். 154 இந்திய நிறுவனங்கள், 16 வெளிநாட்டு நிறுவனங்கள், 75 சேமநலச் சங்கங்கள் என மொத்தம் 245 அமைப்புகள். அதே ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி ஆயுள் காப்பீட்டுக் கழகம், அதாவது எல்.ஐ.சி. பிறந்தது. யுனைடெட் இந்தியாவும் அதில் கரைந்தது. மவுண்ட் ரோட்டில் பாதி எழும்பி நின்ற கட்டடமும் அதோடு எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது.

1957-ல் லண்டன் கலைஞர்கள் விலகிக்கொண்டார்கள். மீதி வேலையை எடுத்து முடித்தவர் எல்.எம். சித்தாலே. 1930-களிலிருந்து சென்னையில் தொழில் செய்துவந்த கட்டடக் கலைஞர். 18 மாடித் திட்டம் சுருங்கியது. ஆனாலும் 177 அடி, சுமார் 54 மீட்டர் உயரம். செலவு 87 லட்சம் ரூபாய்.

இது எத்தனை மாடி? சிலர் பன்னிரண்டு என்பார்கள். சிலர் பதினான்கு, வேறு சிலர் பதினைந்து. தரைத்தளத்தைச் சேர்க்கிறோமா, உச்சியில் இருக்கும் அடுக்குகளை மாடியாகக் கொள்கிறோமா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். ஜோக்கில் வரும் ஆசாமி வசூலித்ததில் அவனுக்கே குழப்பம் இருந்திருக்கலாம்.

திறந்து வைத்தவர் யார்?

1959 ஆகஸ்ட் 23-ம் தேதி கட்டடத்தைத் திறந்து வைத்தவர் அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். அவர் அந்த நாற்காலிக்கு வந்ததற்கும் எல்.ஐ.சி.க்கும் ஒரு தொடர்பு உண்டு.

அவருக்குச் சற்று முன்புவரை நிதியமைச்சராக இருந்தவர் நம் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. எல்.ஐ.சி. பிறந்த மறு ஆண்டே, ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் நிறுவனப் பங்குகளில் எல்.ஐ.சி.யின் பணம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் போடப்பட்டது. பாலிசிதாரர்களின் பணம் தவறான இடத்துக்குப் போயிருக்கிறது என்று நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்டவர் ஃபெரோஸ் காந்தி. பிரதமர் நேருவின் மருமகன், ஆளும் கட்சி எம்.பி. நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது. அதுவும் பொதுமக்கள் முன்னிலையில். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். சில வாரங்களில் மொரார்ஜி நிதியமைச்சரானார்.

ஆக, மவுண்ட் ரோட்டில் ரிப்பன் வெட்டப்பட்டபோது எல்.ஐ.சி.க்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. அதற்குள் ஒரு பெரிய ஊழல் விசாரணையைப் பார்த்திருந்தது. மக்களின் நம்பிக்கையைத் திரும்பப் பெற வேண்டிய நேரத்தில்தான், எல்லோர் கண்ணிலும் படும்படி அந்தக் கட்டடம் நிமிர்ந்து நின்றது.

இன்ஷூரன்ஸ் நிறுவனங்களுக்கும் உயரத்துக்கும் உள்ள உறவு நம் ஊரோடு தொடங்கியதும் இல்லை. உலகின் முதல் வானளாவி என்று பலரும் சொல்லும் கட்டடம், சிகாகோவில் 1885-ல் எழுந்தது. பத்து மாடி. அதன் பெயரே ஹோம் இன்ஷூரன்ஸ் பில்டிங். 1909-ல் உலகின் உயரமான கட்டடமாக நியூயார்க்கில் நின்றது மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் கோபுரம். காரணம் ஊகிக்கக்கூடியதே. துணிக்கடையில் காசு கொடுத்தால் துணி கிடைக்கும். இன்ஷூரன்ஸில் காசு கொடுத்தால் கிடைப்பது ஒரு வாக்குறுதி. அதுவும், நாம் இல்லாதபோது நிறைவேற வேண்டிய வாக்குறுதி. 'நாங்கள் அவ்வளவு சீக்கிரம் ஓடிப் போய்விட மாட்டோம்' என்று சொல்ல, பெரிய கட்டடத்தைவிட எளிய வழி என்ன இருக்கிறது?

உயரத்தைச் சாத்தியமாக்கிய இன்னொரு ஆள் எலிஷா ஓடிஸ். 1854-ல் நியூயார்க் கண்காட்சி ஒன்றில், உயரத் தூக்கப்பட்ட மேடையில் நின்றுகொண்டு, தன்னைத் தாங்கும் கயிற்றையே வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றது. அவர் கண்டுபிடித்த பிடிப்பான், அறுந்தாலும் விழாமல் காத்தது. லிஃப்டில் ஏற மனிதர்களுக்குத் துணிச்சல் வந்தது அதற்குப் பிறகுதான்.

திருப்புலி நாட்டில் ஒரு மரம்

அறுந்தாலும் விழாமல் காக்கும் பிடிப்பான் மிளகு மரத்துக்கு இல்லை.

கொல்லிமலையில் மிளகுக் கொடி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிப் படர்ந்திருக்கும். தை, மாசியில் அறுவடை. ஒற்றை மூங்கிலில் கணுக்கணுவாகக் கால் வைக்க இடம் விட்டுச் செய்த ஏணியை மரத்தில் சாத்தி, முதுகில் சாக்குப் பையோடு ஏற வேண்டும். ஒரு கை கிளையில், ஒரு கை மிளகுச் சரத்தில். பழக்கம்தான் பாதுகாப்பு.

பெரியவரின் அண்ணன், மலையில் ஒரு பழங்குடியினர் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். அந்தக் குடும்பத்தில் சம்பளம் வாங்கிய முதல் ஆள். பள்ளியில் சேர்ந்த புதிதில், கீழ்நாட்டிலிருந்து பஸ் ஏறி வந்த ஓர் ஏஜென்ட், செம்மேட்டிலிருந்து நடந்தே பள்ளிக்கு வந்து நான்கு ஆசிரியர்களுக்கு பாலிசி போட்டுக் கொடுத்தார். பத்தாயிரம் ரூபாய் பாலிசி. மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். விபத்தில் இறந்தால் இன்னொரு பத்தாயிரம் என்று சொல்லியிருந்தார் ஏஜென்ட். வருடா வருடம் ஒரு காலண்டரும் வரும். விளக்கை இரண்டு கைகள் காக்கும் சின்னம் அதில் இருக்கும். ஒரு வருடம் வந்த காலண்டரில் அந்த மவுண்ட் ரோடு கட்டடத்தின் படமும் இருந்தது. வருடம் முடிந்தும் அந்தத் தாளைக் கிழிக்காமல், மண் சுவரில் சோற்றுப் பசை தடவி ஒட்டி வைத்திருந்தார் அம்மா.

1982 மாசி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளி விடுமுறை என்பதால் அண்ணன் மிளகு பறிக்க ஏறினார். இரவில் பெய்த மழையில் மரம் வழுக்கலாக இருந்தது. தம்பி கீழே நின்று சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏணி நழுவியது.

டோலி கட்டித் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்து, வண்டி பிடித்து, வளைவு வளைவாக இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணிக்கு அப்போது இருபத்தைந்து வயது. இரண்டு பிள்ளைகள். இளையது கைக்குழந்தை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அதே ஏஜென்ட் வந்தார். டிரங்குப் பெட்டியிலிருந்து பாலிசிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. பாலிசி போட்டபோது அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. நாமினி இருந்த இடத்தில் அம்மாவின் பெயர் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பணம் அம்மாவின் பெயரில்தான் வரும். அம்மாவுக்கு இன்னும் இரண்டு மகன்கள், கல்யாணம் ஆகாத ஒரு மகள். வீட்டில் கடனும் இருந்தது. உறவில் ஒரு பெரிய மனிதர் திண்ணையில் உட்கார்ந்து கணக்கே போட்டுவிட்டார். "இருபதாயிரம். பாதியில கடனைக் கட்டு. மீதியில பொண்ணைக் கட்டிக் குடு. மருமகள் சின்னப் புள்ள, அவ அப்பன் வீட்டுல கூட்டிக்குவாங்க."

அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னார். "அது அவன் உசுருக்கு வந்த காசு. அவன் புள்ளைங்களுக்குத்தான்."

எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்மணி, கீழ்நாட்டிலிருந்த கிளை அலுவலகத்துக்குப் போய்க் கைரேகை வைத்தார். காசோலை வந்ததும் மருமகள் பெயரில் தபால் நிலையத்தில் போட்டார். வீட்டுக் கடனைத் தம்பி கூலிக்குப் போய் நான்கு வருடம் அடைத்தார். அண்ணன் பிள்ளைகள் இருவரும் படித்தார்கள். மூத்தவர் இன்று ஆசிரியர். கைக்குழந்தையாக இருந்தவரின் மகள்தான் சென்னையில் நர்ஸாக இருக்கும் பேத்தி. 'தாத்தா' என்று அவள் கூப்பிடுவது, மரத்தடியில் சாக்கோடு நின்ற அந்தச் சின்னத் தாத்தாவைத்தான்.

இந்த வீட்டில் நடந்ததைச் சட்டமும் பிறகு கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் சொன்னது. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை மட்டுமே, சொத்து சட்டப்படியான வாரிசுகளுக்குத்தான் என்று 1983-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 2015-ல் இன்ஷூரன்ஸ் சட்டம் திருத்தப்பட்டு நிலைமை மாறியது. இப்போது பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டிருந்தால், பொதுவாக அந்தப் பணம் அவர்களுக்கே உரியதாகிறது. அதாவது, கல்யாணத்துக்கு முன் போட்ட பெயரை மாற்றாமல் விட்டால், இன்று அதன் விளைவு 1982-ஐவிடப் பெரிது. எல்லா வீட்டிலும் அப்படி ஓர் அம்மா இருப்பார் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

தீ

ஊரில் எல்லோருக்கும் நிலைத்த ஒன்றாகத் தெரிந்த அந்தக் கட்டடமும் ஒருமுறை எரிந்தது. 1975 ஜூலை 11-ம் தேதி பிடித்த தீ, கட்டடத்தைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. மவுண்ட் ரோட்டில் கூட்டம் கூடி நின்று அண்ணாந்து பார்த்தது, இந்த முறை எண்ணுவதற்காக இல்லை. உயரக் கட்டடத்தில் தீ பிடித்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை சென்னை நேருக்கு நேர் சந்தித்தது அப்போதுதான். எலும்புக்கூடு நின்றது. பழுது பார்த்தார்கள். மறுபடி வேலை நடந்தது. 2023 ஏப்ரல் 2-ம் தேதி உச்சியில் இருந்த பெயர்ப் பலகையில் தீப்பிடித்தபோது, செல்போனில் வீடியோ பார்த்த பலருக்கு வயிற்றைப் பிசைந்ததற்கு அந்தப் பழைய நினைவும் ஒரு காரணம். அன்று ஞாயிற்றுக்கிழமை. சீக்கிரமே அணைத்துவிட்டார்கள்.

உயரத்தில் முதலிடம் என்ற பெருமை நாட்டளவில் அதிகம் நீடிக்கவில்லை. 1961-ல் மும்பையின் உஷா கிரண் கட்டடம் முந்திவிட்டது. ஆனால் சென்னையில் 35 ஆண்டுகளுக்கு மேல் அதை மிஞ்ச ஆள் இல்லை. சினிமாவில் கதாநாயகன் பட்டணத்துக்கு வந்துவிட்டான் என்று காட்ட வேண்டுமா? சென்ட்ரல் ஸ்டேஷன், அடுத்து எல்.ஐ.சி. இரண்டே ஷாட் போதும். வசனம் தேவையில்லை.

அதே சாலையில் எல்.ஐ.சி.க்குச் சொந்தமான இன்னொரு கட்டடமும் இருக்கிறது. 1897-ல் டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரி கட்டிய, கூர் கோபுரங்கள் கொண்ட செங்கல் மாளிகை. பிறகு பாரத் இன்ஷூரன்ஸ் வசம் போய், தேசியமயத்தோடு எல்.ஐ.சி.க்கு வந்தது. 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரிய ஆர்வலர்கள் நீதிமன்றம் போய்த் தடுத்தார்கள். செங்கல் கால மாளிகையும் கான்கிரீட் கால கோபுரமும் ஒரே உரிமையாளரிடம், ஒரே சாலையில். ஒன்று பளபளவென்று, ஒன்று பாழடைந்து.

மெட்ரோவில் இரண்டு ஸ்டேஷன்

சென்ட்ரலிலிருந்து மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம், அடுத்தது எல்.ஐ.சி. ஒரு கட்டடத்தின் பெயர் பஸ் ஸ்டாப்புக்குப் பெயராகி, பிறகு மெட்ரோ ஸ்டேஷனுக்கும் பெயராகிவிட்டது.

மேலே வந்ததும் பெரியவர் சாலையைக் கடக்காமல் எதிர்ப்பக்கம் நின்றார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டார். உதடுகள் அசைந்தன. எண்ணுகிறார் என்று பேத்திக்குத் தெரிந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் முதலில்.

பேத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓ.எம்.ஆர். பக்கம் நாற்பது மாடியைத் தாண்டிய குடியிருப்புகள் வந்துவிட்டன. தாத்தாவுக்கும் உயரம் புதிதில்லை. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறிய கால்கள். பேத்தி செல்போனில் துபாயின் புர்ஜ் கலீஃபாவைக் காட்டினாள். "இது 828 மீட்டர் தாத்தா. உலகத்துலயே பெருசு."

"நம்ம மலை?"

தேடிப் பார்த்தாள். "ஆயிரம் மீட்டருக்கு மேல."

"அப்ப நம்ம வீட்டு வாசப்படியே அதைவிட ஒசரத்துலதான் இருக்கு" என்றார் பெரியவர், ரொம்ப சாதாரணமாக.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "இதுல எந்த சன்னல்ல இருந்து கண்ணு அண்ணனோட காசு வந்திருக்கும்?"

"இங்க இருந்து வந்திருக்காது தாத்தா. அது கிளை ஆபீஸ்ல இருந்து வந்திருக்கும். இது தெற்கு மண்டல ஆபீஸ்."

"தெரியும்" என்றார். "ஆயா கைரேகை வெச்சப்ப நானும்தான் கூட இருந்தேன். ஆனா ஆயா சாகுற வரைக்கும் அந்த சுவத்துப் படத்தைக் காட்டித்தான் சொல்லும், 'இந்த வீட்டுக்காரங்க சொன்ன சொல்லைக் காப்பாத்துனாங்க'ன்னு."

அந்த வீட்டைக் கட்ட நினைத்த செட்டியாரும் அதில் குடிவரவில்லை. வரைந்தவர்கள் முடிக்கவில்லை. பாலிசி போட்ட ஆசிரியர் அந்தப் பணத்தைப் பார்க்கவில்லை. சொன்ன சொல் மட்டும் கைமாறிக் கைமாறி, ஒரு பெண் நர்ஸ் உடை போடும் வரை வந்து சேர்ந்திருக்கிறது. அந்தச் சொல்லில் பாதி, மவுண்ட் ரோட்டில் கோட்டு போட்டவர்கள் சொன்னது. மீதிப் பாதி, கைரேகை வைத்த ஒரு மலைக்காரப் பெண் திண்ணையில் சொன்னது. இரண்டில் ஒன்று தவறியிருந்தாலும் கணக்கு நேராகியிருக்காது.

பேத்தி அன்று ஒன்றும் பேசவில்லை. ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு தன் பாலிசியை ஆன்லைனில் திறந்தாள். வேலையில் சேர்ந்தபோது போட்டது. நாமினி: அப்பா. சரியாகத்தான் இருந்தது. பிறகு ஊருக்குப் போன் போட்டாள். அவள் அப்பா இன்றும் தை, மாசியில் மிளகு மரம் ஏறுகிறவர். அவருக்கு வேலை இல்லை, சம்பளம் இல்லை, பிடித்தம் செய்ய ஆள் இல்லை. பாலிசியும் இல்லை.

"அப்பா, இந்த அறுவடைக்கு முன்னாடி உங்க பேர்ல ஒண்ணு போட்டுடலாம். நான் கட்டுறேன்."

"எனக்கு எதுக்கு சாமி? மரம் ஏறுறது எனக்கு நேத்தா, இன்னைக்கா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் போனை வாங்கிக்கொண்டார். "அண்ணனும் அதேதான் சொன்னான்" என்றார். "ஆதார் அட்டையை எடுத்து வை. நாமினிக்கு யார் பேருன்னு இப்பவே சொல்லு. பொண்டாட்டி பேரா, புள்ள பேரா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பெயர் வந்தது. பேத்தி அதை எழுத்துக்கூட்டி, படிவத்தில் உள்ளபடி எழுதிக்கொண்டாள்.